கையால் வனைந்த கோப்பையில் டீ: முதன்முதலாக வாங்குபவருக்கு

முதலில் ஒரே ஒரு கோப்பை வாங்குங்கள். ஆறு கோப்பை, டீபாட், பால் குடுவை, சர்க்கரைக் கிண்ணம் என்று செட்டாக வாங்க வேண்டாம். கையால் செய்த பீங்கானுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன். ஒரு கண்காட்சியில் ஆழ்ந்த நீலத்தில் ஆறு கோப்பைகள், பார்த்ததுமே மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து டீ ஊற்றினால் கைப்பிடிக்குள் ஒரு விரல்தான் நுழைகிறது; அடுத்த விரல் சூடான வயிற்றில் போய் இடிக்கிறது. சரி, விருந்தாளிகள் வந்தால் எடுப்போம் என்று அலமாரியில் வைத்தேன். விருந்தாளிகளுக்கும் விரல் சுட்டது.

அவை கண்ணால் வாங்கிய கோப்பைகள். சுவரில் மாட்டுகிற ஓவியத்தைக் கண்ணால் வாங்கலாம். டீக் கோப்பை தினமும் மூன்று நான்கு முறை கையில் ஏறி உதட்டைத் தொடுகிற பொருள். அதன் அழகில் பாதி, பார்க்கும்போது தெரியவே தெரியாது.

1. மண்ணிலிருந்து தொடங்குங்கள்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். சுடாத மண் தண்ணீரில் கரைந்துபோகும். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டுவிட்டால் பிறகு எத்தனை நாள் ஊறினாலும் களிமண் கரையாது. ஆனால் கரையாமல் இருப்பது வேறு, தண்ணீரை உறிஞ்சாமல் இருப்பது வேறு. டீக்கு இரண்டாவதுதான் முக்கியம். பேச்சில் எல்லாவற்றையும் பீங்கான் என்று சொல்லிவிடுகிறோம்; டீ ஊற்றும்போது அவை மூன்று வகையாக நடந்துகொள்கின்றன.

சுடுமண் பாத்திரங்கள் பொதுவாக 1000 முதல் 1150 டிகிரிக்குள் சுடப்படுபவை. மண்ணுக்குள் நுண்ணிய துளைகள் நிறைய மிச்சமிருக்கும். மேலே கண்ணாடி போன்ற பூச்சு இருந்தாலும், அதில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் டீ உள்ளே இறங்கத் தொடங்கும். அந்தப் பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். மணல் போன்ற சிலிக்காவும் அலுமினாவும், அவற்றை உருகவைக்கும் பொருள்களும் சேர்ந்து சூளையில் கண்ணாடியாக மாறி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை சுடப்படுவது. அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகி, துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை அடைத்துவிடும். கல் மாதிரி இறுகிவிடுவதால்தான் கல்லின் பெயரே அதற்கு வந்தது.

மூன்றாவது போர்சலின். கயோலின் என்ற வெள்ளை மண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து 1250 முதல் 1400 டிகிரி வரை சுடுவார்கள். மெல்லியதாக வனைந்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரியும். சீனாவின் ஜிங்தேஜென் நகருக்குப் பக்கத்தில் காவோலிங் என்று ஓர் இடம் இருக்கிறது. கயோலின் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். சீனர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவந்த இந்த இறுகிய வெள்ளைப் பீங்கானை ஐரோப்பியர்கள் தாமாகச் செய்யக் கற்று, ஜெர்மனியின் மெய்சனில் தொழிற்சாலை திறந்தது 1710-ல்தான்.

முதல் கோப்பைக்கு ஸ்டோன்வேர் எடுத்துக்கொள்ளுங்கள். தினப்படி புழக்கத்தைத் தாங்கும், கையில் மண்ணின் சொரசொரப்பும் கிடைக்கும். போர்சலினை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

2. எடுங்கள், தூக்குங்கள், கவிழ்த்துப் பாருங்கள்

கடையோ கண்காட்சியோ, கோப்பைகளைத் தொடவிடாத இடத்தில் வாங்காதீர்கள். படத்தைப் பார்த்து வாங்குவதானால் அளவுகளைக் கேட்டு வாங்கி, வீட்டில் நீங்கள் குடிக்கிற கோப்பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனாலும் கை பார்ப்பது மாதிரி வராது.

முதலில் கனம். குயவர் ஒரு சாதாரண மக் வனைய ஏறத்தாழ 450 கிராம் ஈரக் களிமண் எடுப்பார். அடியைச் சீவி, உலர்த்தி, சுட்டு முடிக்கும்போது அது 300 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதில் 300 மில்லி டீ ஊற்றினால் உங்கள் விரல்கள் 600 கிராம் தூக்குகின்றன. வெறும் கோப்பையே கையை இழுக்கிறது என்றால் நிறைந்த கோப்பை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மொத்த எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தூக்கும்போது அடிப்பக்கம் மட்டும் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால், அடியில் மண்ணைச் சரியாகச் சீவாமல் விட்டிருக்கிறார்கள். அதே நேரம், தூக்கினால் பறப்பதுபோல் இருக்கும் ஸ்டோன்வேரும் எனக்குப் பிடிப்பதில்லை. கொதிக்கும் டீ ஊற்றினால் கை வைக்க முடியாது.

அப்புறம் கைப்பிடி. நீங்கள் வழக்கமாக எத்தனை விரல் நுழைத்துப் பிடிப்பீர்களோ அத்தனையும் நுழைத்துப் பாருங்கள். முட்டிகள் சுவரைத் தொடக்கூடாது. பிடியின் உள்பக்கம் கூர்மையாக இருந்தால் வெறும் கோப்பையில் தெரியாது, நிறைந்த கோப்பையில் தெரியும். கூச்சப்படாமல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நல்ல குயவர் எவரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

விளிம்பு. கட்டைவிரலை அதன்மேல் ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். தடித்து உருண்ட விளிம்பில் டீ தயங்கித் தயங்கி வரும், கோப்பையை எடுத்த பிறகு வெளிச்சுவரில் ஒரு சொட்டு வழியும். கொஞ்சம் மெலிந்து, மிக லேசாக வெளியே சாய்ந்த விளிம்பு டீயை நேராக நாக்குக்குக் கொண்டுவரும். மெலிந்து போய்க் கூராகிவிட்டாலும் ஆபத்து. சீக்கிரம் சில்லு பெயரும்.

கடைசியில் கவிழ்த்துப் பாருங்கள். குயவர்கள் அடுத்தவர் செய்த பாத்திரம் கைக்கு வந்தால் முதலில் செய்கிற காரியமே இதுதான். சூளைத் தட்டில் ஒட்டிவிடும் என்பதால் அடிவளையத்தில் கிளேஸ் பூச மாட்டார்கள். எனவே மண்ணின் உண்மையான நிறமும் தன்மையும் தெரிகிற ஒரே இடம் அடிதான். உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரத்தால் உங்கள் மேசையையும் கீறும். நுண்ணிய உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் அடியைக்கூடத் தேய்த்துத் தராதவர் வேறு எதைக் கவனித்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் வரும்.

கோப்பையை விரிந்த விரல் நுனிகளில் நிறுத்தி நகத்தால் சுண்டுங்கள். நன்றாக இறுகிய ஸ்டோன்வேர் மணிபோல ஒலிக்கும். சத்தம் மொத்தென்று செத்துவிழுந்தால், சூடு போதவில்லை அல்லது எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது.

3. குறை எது, கைத்தடம் எது

புதியவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இது. கையால் செய்தது என்றால் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும் என்று விற்பவர் சொல்வார். ஓரளவு உண்மை. ஓரளவு வியாபாரம்.

உட்சுவரில் விரல் ஏறிய வரிகள் தெரிகின்றன என்றால், சக்கரம் சுழலச் சுழல மண்ணை மேலே இழுத்த கையின் தடம் அது. கிளேஸ் ஓர் இடத்தில் தேங்கி ஆழ்ந்த நிறம் காட்டலாம். கிளேஸில் தோய்க்கும்போது குயவர் பிடித்த விரல்களின் சுவடு அடியருகே பதிந்திருக்கலாம். மண்ணிலிருந்த இரும்பு உருகி மேலே பழுப்புப் புள்ளிகளாகப் பூத்திருக்கலாம். வாய் வட்டம் ஒரு நூல் பிசகியிருக்கலாம். இவையெல்லாம் தடங்கள். இவற்றுக்காகத்தான் கையால் செய்ததை வாங்குகிறோம்.

கைப்பிடி சுவரோடு சேரும் இடத்தில் கோடு தெரிந்தால் அது தடம் அல்ல. சுவரும் பிடியும் ஒரே ஈரப்பதத்தில் இல்லாதபோது ஒட்டியிருக்கிறார்கள். ஒருநாள் கொதிக்கும் டீயோடு கழன்று மடியில் விழும். அடியின் நடுவில் எஸ் எழுத்துபோல் வளைந்த விரிசல் இருந்தால், வனையும்போது அடிமண்ணை அழுத்தி இறுக்கவில்லை என்று பொருள். உள்ளே ஊசித்துளைகளோ, கிளேஸ் சுருண்டு விலகி மண் தெரிகிற திட்டுகளோ இருந்தால் கறையும் அழுக்கும் அங்கே குடியேறும். விளிம்பிலிருந்து கிளேஸ் செதில் செதிலாக உரிகிற கோப்பையைத் தொடவே வேண்டாம், உரிவது கண்ணாடி. மேசையில் வைத்தால் ஆடுகிற கோப்பையைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த இடத்தில் யாராவது உங்களிடம் வாபி-சாபி என்பார்கள். குறையிலும் எளிமையிலும் அழகைக் காண்பது அது; ஜப்பானிய அழகுணர்வில் பெரிய விஷயம். கியோட்டோவின் டாய்தோகுஜி கோயில் வளாகத்தில் கிசாயெமோன் என்று பெயர் கொண்ட ஒரு டீக் கிண்ணம் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் கொரியாவில் பெயர் தெரியாத ஒரு குயவர் வனைந்த எளிய கிண்ணம். இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். அடிவளையத்தைச் சுற்றிக் கிளேஸ் திரண்டு சுருண்டிருக்கும், சீரான வட்டமும் கிடையாது. 1925 வாக்கில் கலைச் சிந்தனையாளர் யானாகி சோயெட்சுவும் ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்ற குயவர்களும் மக்கள் கலை என்ற பொருளில் மிங்கேய் என்ற சொல்லை உருவாக்கியபோது, இப்படிப்பட்ட பெயர் இல்லாத கைகளின் புழங்குபொருள்களையே முன்னே வைத்தார்கள். ஹமாதா பிற்காலத்தில் தன் பாத்திரங்களில் கையெழுத்துப் போடுவதையே விட்டுவிட்டார்.

அந்தக் கிண்ணம் தேநீரைப் பிடித்து நிற்கிறது, ஒழுகவில்லை, ஆடவில்லை. அதனால்தான் அதன் கோணலை ரசிக்க முடிகிறது. ஆடுகிற கோப்பைக்கு வாபி-சாபி பெயர் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

4. செய்தவரிடம் கேளுங்கள்

எத்தனை டிகிரியில் சுட்டீர்கள்? இது முதல் கேள்வி. பதிலாக ஓர் எண் வர வேண்டும். "நல்ல சூட்டில்தான்" என்பது பதில் ஆகாது.

உள்ளே பூசிய கிளேஸில் ஈயமோ காட்மியமோ உண்டா என்பது அடுத்தது. குறைந்த சூட்டில் கிளேஸை உருகவைக்க ஈயம் சுலபமான வழியாக நெடுங்காலம் இருந்தது. பளீரென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் பயன்படுவதுண்டு. டீ லேசான அமிலம், எலுமிச்சை பிழிந்த டீ இன்னும் அதிகம். கிளேஸ் சரியாக அமையாவிட்டால் உலோகம் பானத்தில் இறங்கும். ஆய்வகங்களில் பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலம் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, என்ன இறங்கியது என்று அளப்பார்கள். அந்தச் சோதனை செய்ததுண்டா என்று கேட்பதில் தவறில்லை. எப்போது, எங்கே செய்தது என்றே தெரியாத பழங்காலக் கோப்பை எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்குத்தான்.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு: வெளியே எந்த நிறமானாலும் உள்ளே வெள்ளையோ நிறமற்றதோ ஆன எளிய கிளேஸ். நிறமூட்டும் உலோகங்கள் டீயைத் தொடாது, டீயின் நிறமும் தெரியும்.

ராகு என்று சொல்லி விற்கப்படுகிற கோப்பைகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு ஓடுகிறது. 16-ம் நூற்றாண்டில் கியோட்டோவில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக சோஜிரோ என்ற குயவர் சக்கரம் இல்லாமல் கையாலேயே உருவாக்கிய கிண்ணங்கள்தான் அசல் ராகு, தேநீருக்கென்றே பிறந்தவை. தணல்போல் சிவந்திருக்கும் பாத்திரத்தைச் சூளையிலிருந்து இடுக்கியால் எடுத்து மரத்தூளில் புதைத்துப் புகையேற்றும் முறை வேறு. அது 1960 வாக்கில் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற குயவர் தொடங்கிவைத்தது. செம்பு மினுமினுப்பும் கறுத்த வெடிப்புகளுமாக மயக்கும். ஆனால் நீரை உறிஞ்சும், கிளேஸ் முழுக்க விரிசல். இரண்டாவது வகையில் டீ குடிக்காதீர்கள்.

கொள்ளளவையும் கேட்டுவிடுங்கள். கண் ஏமாற்றும்.

5. வீட்டுக்கு வந்த முதல் இரவு

கோப்பையைக் கழுவித் துடைத்து ஒரு நாள் உலரவிடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, காகிதத்தின்மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காகிதத்தில் ஈர வளையம் தெரிந்தால் மண் தண்ணீரைக் கடத்துகிறது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. உலர்ந்த கோப்பையை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து மறுபடி நிறுங்கள். 300 கிராம் கோப்பை 302 ஆனால் கவலையில்லை. 315 ஆனால் அது ஸ்டோன்வேர் என்ற பெயரில் வந்த சுடுமண். கிளேஸ் பூசாத அடி வழியாக மட்டுமே நீர் ஏறும் என்பதால் இது தோராயமான கணக்குதான், ஆனாலும் பெரிய பொய்யைப் பிடித்துவிடும்.

எலுமிச்சைத் துண்டு ஒன்றை உட்பக்கக் கிளேஸில் ஒட்டிவைத்து மறுநாள் எடுத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நிறம் வெளுத்தோ பளபளப்பு மங்கியோ இருந்தால் கிளேஸ் அமிலத்துக்குத் தாங்கவில்லை. மாற்றம் இல்லையென்றால் ஈயம் இல்லை என்று பொருள் ஆகிவிடாது. அதைச் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும்.

மைக்ரோவேவில் வைப்பீர்களா? பொன் கோடு, வெள்ளி மினுமினுப்பு இருந்தால் வைக்கவே கூடாது. மற்றவற்றில், நீர் நிரப்பி ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கைப்பிடியைத் தொடுங்கள். நீரைவிட மண் அதிகம் சுட்டால், மண்ணுக்குள் ஈரம் இருக்கிறது. அதை மைக்ரோவேவுக்குப் பழக்காதீர்கள்.

6. எந்த டீக்கு எந்தக் கோப்பை

இதில் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் சூட்டின் கணக்கு ஒன்று உண்டு. குளிர்ந்த தடித்த கோப்பை முதலில் டீயின் சூட்டைத் தான் வாங்கிக்கொள்ளும், பிறகு மெதுவாகத் திருப்பித் தரும். அதனால் கொதிநீர் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு டீ ஊற்றுவது நல்ல பழக்கம். குளிர்காலத்தில் இது கோப்பையையும் காப்பாற்றும். சட்டென்று ஏறும் சூட்டில் சுவரின் உட்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் விரியாமல் நிற்கும்போதுதான் விரிசல் விழுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையில் நேரே கொதிநீர் ஊற்றி நான் ஒன்றை இழந்திருக்கிறேன். டிக் என்று ஒரே ஒரு சத்தம்.

கொதிக்கக் கொதிக்கப் போடுகிற கறுப்பு டீக்கும் பால் டீக்கும் தடித்த ஸ்டோன்வேர் மக் பொருத்தம். 70 முதல் 80 டிகிரி நீரில் போடும் பச்சை டீக்கு மெல்லிய போர்சலின். மென்மையான மணத்தை உறிஞ்சிக்கொள்ளாது, அந்த இளம்பச்சையும் வெள்ளையில்தான் தெரியும். இலையை நிறையப் போட்டு, சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றிக் குடிக்கும் சீன முறைக்கு 30 முதல் 50 மில்லி பிடிக்கும் பிடியில்லாச் சிறுகோப்பைகள். பிடியில்லாத கோப்பையில் ஒரு வசதி உண்டு. கையால் பிடிக்க முடியவில்லை என்றால் நாக்குக்கும் அது இன்னும் சூடுதான்.

உள்நிறம் டீயை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு பழைய சாட்சி. சோங் அரசர்கள் காலத்துச் சீனாவில் டீத்தூளை நீரில் அடித்து நுரைக்கவைத்துக் குடித்தார்கள். நுரை வெண்மையாக நிற்பதுதான் பெருமை. அந்த வெண்மை எடுத்துத் தெரியத்தான் ஃபூஜியான் பகுதியின் ஜியான் சூளைகளிலிருந்து இரும்பு மிகுந்த கறுப்புக் கிளேஸ் கிண்ணங்கள் வந்தன, முயலின் ரோமம்போலப் பழுப்புக் கோடுகள் இறங்க. ஜப்பானியர்கள் அவற்றைத் தென்மோகு என்றார்கள். அந்தக் கறுப்பில் கறுப்பு டீ ஊற்றினால் ஒன்றுமே தெரியாது, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

7. டீபாட்

கோப்பையோடு சில மாதம் பழகிய பிறகு டீபாட்டுக்கு வாருங்கள். குயவருக்கு மிகக் கடினமான வேலைகளில் இது ஒன்று. வயிறு, மூக்கு, பிடி, மூடி என நான்கையும் தனித்தனியாகச் செய்து, ஒரே ஈரத்தில் சேர்த்து, ஒன்றாகச் சுருங்கவைக்க வேண்டும். சக்கரத்தில் வனைந்த மூக்கு சூளைக்குள் தானாகக் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். வனையும்போது சுழன்ற சுழற்சியை மண் நினைவில் வைத்திருக்கிறது. அதனால் மூக்கின் நுனியை வேண்டுமென்றே கோணலாக வெட்டி ஒட்டுவார்கள், சூளை அதை நேராக்கித் தரும்.

முதலில் பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கின் நுனி, பாத்திரத்தின் வாய் மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் நிரப்பும்போதே மூக்கு வழியாக ஊற்றிவிடும். மூடியில் சிறு காற்றுத் துளை இருக்கிறதா பாருங்கள். நீர் நிரப்பிச் சாய்த்து, அந்தத் துளையை விரலால் அடைத்தால் ஒழுக்கு நின்றுவிட வேண்டும். நின்றால் மூடி அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. கடைசிச் சொட்டுவரை கவிழ்க்கும்போது மூடி விழக்கூடாது. எப்போதும் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டிய மூடி என்றால், அந்த விரல் ஆயுள் முழுக்கச் சுடும்.

உள்ளே மூக்கின் அடியில் வடிகட்டித் துளைகள் இருக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு மூக்கின் வாயைவிடக் குறைவாக இருந்தால் டீ சொட்டித்தான் வரும், இலை அடைத்தால் அதுவும் நிற்கும்.

அப்புறம் வழிசல். ஊற்றி நிறுத்தும்போது கடைசி நீர் மூக்கின் தாடையைப் பிடித்துக் கீழே ஓடி மேசைவிரிப்பில் இறங்குவது உலகப் பிரச்சினை. சொட்டாத டீபாட் மூக்கைக் கணக்குப் போட்டு வடித்ததற்காக 1999-ல் ஜான்-மார்க் வான்டன்-புரூக், ஜோசஃப் கெல்லர் என்ற இருவருக்கு இக் நோபெல் என்ற வேடிக்கைப் பரிசே கிடைத்தது. வாங்குபவருக்குத் தேவையான பாடம் சின்னது: மூக்கு நுனியின் கீழுதடு கூராக வெட்டினாற்போல் இருந்தால் நீர் சட்டென்று அறுந்து நிற்கும். உருண்டு வழவழப்பாக இருந்தால் தாடையில் வழியும். வாங்குவதற்கு முன் மூன்று முறை ஊற்றி நிறுத்திப் பாருங்கள்.

பிடி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூக்குக்கு நேர் பின்னால், மேலே வளைவாக, அல்லது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு என மூன்று விதம். பக்கப் பிடி வைத்த ஜப்பானிய கியூசு, மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே ஊற்றும். ஆனால் வழக்கமாக வருவது வலக்கைக்காரர்களுக்கானது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தங்களுக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தோளைச் சுற்றிக்கொண்டு ஊற்ற வேண்டிவரும்.

கிளேஸ் இல்லாத டீபாட்டுகள் தனிக் குலம். சீனாவின் யீஷிங்கில் ஊதாப் பழுப்பு மண்ணில் செய்பவையும், ஜப்பானின் தோகோனாமேயில் சிவப்பு மண்ணில் செய்பவையும் பேர்போனவை. சோப்பு போடாமல் வெறும் சுடுநீரில் அலசி, ஒரு டீபாட்டுக்கு ஒரே வகை டீ என்று வைத்துக்கொள்வார்கள். புழங்கப் புழங்க மேற்பரப்பில் அமைதியான ஒரு மினுமினுப்பு ஏறும். பொறுமை இருந்தால் இறங்குங்கள். நாளுக்கொரு வகை டீ என்று மாற்றி மாற்றிக் குடிப்பவர்களுக்கு இது சரிவராது.

8. கழுவுதல்

கையால் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கெடுப்பது நீரைவிட அதன் காரமான சோப்பும் மற்றப் பாத்திரங்களின் இடியும்தான். டீக்கறைக்குச் சமையல் சோடாவை ஈரத்தோடு குழைத்து விரலால் தேய்த்தால் போதும். மங்கிய, வழவழப்பில்லாத கிளேஸில் கரண்டி உரசினால் சாம்பல் கோடு விழும். கோப்பையில் வெட்டு விழுந்ததென்று பயப்பட வேண்டாம், உலோகம் தேய்ந்து ஒட்டியது அது.

கிளேஸில் மயிரிழை விரிசல் உள்ளவற்றையும் கிளேஸ் இல்லாதவற்றையும் கழுவியதும் கவிழ்த்து மூடிவைக்காதீர்கள். வாய் மேலே இருக்க நன்றாக உலர்ந்த பிறகுதான் அலமாரி. இல்லாவிட்டால் பூஞ்சை மணம் வரும், அதைப் போக்குவது பெரும்பாடு. ஜப்பானின் ஹகி பாத்திரங்களில் இந்த விரிசல்கள் வழியே டீ ஊறி ஆண்டுக்கணக்கில் நிறம் மாறுவதை ஏழு மாற்றங்கள் என்று கொண்டாடுகிறார்கள். உங்களுக்கு அது மெருகா கறையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கிளேஸ் நல்லதாகவும் மண் இறுகியதாகவும் இருந்தால் எனக்கு மெருகு.

9. உடைந்தால்

உடையும். தினமும் புழங்கினால் உடையாமல் இருக்காது.

விளிம்பில் சில்லு பெயர்ந்த கோப்பையில் குடிக்காதீர்கள், உதடு கிழியும். கின்த்சுகி என்று பொன்தூள் பூசி ஒட்டும் ஜப்பானிய முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அசல் முறையில் உருஷி மரத்தின் பாலைக் கொண்டு ஒட்டி, ஈரக்காற்றில் வாரக்கணக்கில் இறுகவிடுவார்கள். இறுகாத உருஷி தோலில் பட்டால் பலருக்குக் கடுமையாக அரிக்கும், அதனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. எபாக்சி பசையும் பொன்னிறத் தூளும் கொண்ட எளிய பெட்டிகள் அழகான வேலை செய்யும். ஆனால் உணவுக்குத் தகுந்தது என்று தெளிவாகச் சொல்லாத பசையால் ஒட்டியதில் சூடான டீ ஊற்ற வேண்டாம். கழன்ற கைப்பிடியை மட்டும் எந்தப் பசையாலும் ஒட்டி நம்பாதீர்கள். பிடி இருந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டுப் பிடியில்லாக் கோப்பையாகப் புழங்குவேன் நான்.

10. இரண்டாவது கோப்பை

மூன்று மாதம் முதல் கோப்பையில் குடித்த பிறகு அதன்மேல் உங்களுக்குப் புகார்கள் சேர்ந்திருக்கும். பிடி இன்னும் கொஞ்சம் அகலம், உயரம் கொஞ்சம் குறைவு, டீ சீக்கிரம் ஆறுகிறது என்று. அவற்றை எழுதி எடுத்துக்கொண்டு ஒரு குயவரிடம் போங்கள். இவ்வளவு டீ ஊற்றுவேன், விளிம்புக்குக் கீழே இவ்வளவு இடம் விடுவேன் என்று மில்லி கணக்கில் சொல்லுங்கள். ஈர மண் உலர்ந்து சுட்டு முடிவதற்குள் நீளத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். அகலம், உயரம் இரண்டும் சேர்ந்து சுருங்குவதால், வனையும்போது 440 மில்லி பிடித்தது கடைசியில் 300 மில்லிதான் பிடிக்கும். உங்கள் 300-க்கு அவர் 440-ல் தொடங்குவார், அந்தக் கணக்கு அவருக்குக் கைப்பழக்கம். வனைந்து, சீவி, பிடி வைத்து, உலர்த்தி, இரண்டு முறை சுட வேண்டும். சூளை நிரம்பும் அளவுக்கு மற்றப் பாத்திரங்களும் சேர வேண்டும். சில வாரங்கள் ஆகும். அதுவரை பழைய கோப்பையிலேயே குடித்துக்கொண்டிருங்கள்.